கணக்கு மென்பொருளில் எளிமை

கூட்டுறவுச் சங்கங்களில் பேரேட்டின் இடத்தைக் கணினி ஏற்று வருகின்றது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய மந்திரிசபை 2022 ஜூன் மாதத்தில் அனுமதித்தது. சொந்தச் செலவில் மென்பொருள் செய்விக்க முற்படும் சங்கங்களும் உண்டு. அத்தகைய சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் கருதத்தக்க ஒரு விஷயத்தை இங்கு விளக்குவோம்.

மென்பொருளை இருவகையாக அமைக்கலாம். நூல் இருப்பு, கூலி, விற்பனை, பங்குத் தொகை யாவற்றையும் ஒரே நிரலும் ஒரே தரவுத்தளமும் கவனிப்பது ஒரு முறை. ஒவ்வொன்றையும் தனி நிரலாக்கி, அவை தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளச் செய்வது மற்றொரு முறை. பின்னது பார்வைக்குப் பெருமிதமாகத் தோன்றும். ஆனால் இணைப்புகள் பெருகப் பெருகப் பழுதுபடும் இடங்களும் பெருகும். நெசவாளர் ஒப்படைத்த துணி இருப்பில் ஏறி, அச்செய்தி கூலிப் பகுதியை எட்டாமற் போனால், உழைத்தவருக்குக் கூலி பதிவாகாது. ஒரே தரவுத்தளத்திலோ இரு பதிவுகளையும் ஒருசேர ஏற்கவும், தவறு நேரின் ஒருசேர நீக்கவும் ஏற்பாடு செய்வது எளிது.

பெரிய நிறுவனங்களும் இதனை உணர்ந்துள்ளன. அமேசானின் பிரைம் வீடியோப் பிரிவினர், ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் தம் கருவியொன்றைப் பல பகுதிகளாக அமைத்திருந்தனர். அப்பகுதிகளை ஒரே நிரலாக இணைத்தபின் அதன் நடப்புச் செலவு 90 சதவிகிதத்திற்கு மேல் குறைந்ததாக 2023-இல் அறிவித்தனர். பிரித்தமைப்பது எப்பொழுதும் தவறென்பதன்று. பல குழுவினர் ஒரே சமயத்தில் வேலை செய்யும் இடத்தில் அது பயன்படும். சில நூறு அங்கத்தினரும் ஓரிரு குமாஸ்தாக்களும் உள்ள சங்கத்திற்கு அத்தேவை இல்லை.

'பின்னர் உதவும்' என்று இன்றே சேர்க்கும் வசதிகளும் இத்தகையனவே. சாதாரண வேட்டி நெய்பவர் என்றோ பட்டுச் சேலை நெய்யக்கூடும் என்றெண்ணித் தறியில் ஜக்கார்டுப் பெட்டியை ஏற்றி வைப்பதில்லை. பயன்படாத வசதிக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. அது அங்கத்தினர் பணமாகும்.

எனினும், எளிமை என்பது அசட்டையன்று. நாள்தோறும் தரவின் நகலெடுத்து வேறிடத்தில் வைத்தல், பதிந்தவர் பெயரும் நேரமும் காட்டல், தணிக்கைக்கு உரிய பதிவேடுகளை அச்சிடல் ஆகியவை இன்றியமையாதன.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்பீர்களாக: இப்பகுதி இவ்வாண்டு எந்த வேலைக்கு உதவும்? இதைச் செய்தவர் விலகினால் வேறொருவர் பழுது பார்க்க இயலுமா? நம் கணக்குகளை முழுமையாக நாமே வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா? தெளிவான விடை கிடைக்காத பகுதியை இப்போதைக்கு விலக்கி வைப்பதே சங்கத்திற்கு நலம் பயக்கும்.