திருகு இல்லாத பிடி

ஒரகடம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் டிரில்லிங் மெஷின் அருகே சற்று நின்று பாருங்கள். ஆபரேட்டர் ஸ்பிண்டில் துளையையும் டிரில்லின் காம்பையும் துணியால் துடைப்பார். காம்பை உள்ளே செருகி மேல்நோக்கி ஓங்கி ஒரு குத்து. திருகு, போல்ட் எதுவும் கிடையாது. ஆனாலும் டிரில் கீழே விழாது. கழற்ற வேண்டுமானால் பக்கத் துளையில் ஆப்பு வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும்.

அந்தக் காம்பின் பெயர் மோர்ஸ் டேப்பர். 1860களில் அமெரிக்கர் ஸ்டீபன் மோர்ஸ் வகுத்தது. 20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் சுமார் 1 மி.மீ. மட்டுமே குறையும். சரிவு இவ்வளவு குறைவாக இருந்தால் உராய்வே பூட்டாகிவிடும். பல சி.என்.சி. மெஷின்களின் டூல் ஹோல்டரில் 24க்கு 7 என்று சரிவு அதிகம். அது தானாகப் பிடிக்காது. ஸ்பிரிங் விசையால் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிறார்கள். டூலை நொடிகளில் மாற்ற வேண்டும் என்பதால் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது.

மோர்ஸ் காம்பின் தம்பி ஒன்று நீலகிரியில், அவலாஞ்சிப் பக்கத்து டிரவுட் மீன் ஓடைகளுக்கு ஏற்ற ஃப்ளை ராடு என்னும் தூண்டில் கோலில் இருக்கிறது. கார்பன் இழைக் குழாய்த் துண்டுகள், கூம்புக்குள் கூம்பாகச் செருகியவை. ஃப்ளை என்பது இறகும் நூலும் கட்டிய பொய்ப் பூச்சி. அதற்கு எடையே இல்லை. கனமான நூலைத்தான் வீச வேண்டும். அதனால் ராடு முன்னும் பின்னும் ஓயாமல் ஆடுகிறது. ஒவ்வொரு வீச்சிலும் இணைப்பு வளைகிறது, கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது, மயிரிழை நழுவுகிறது. தளர்ந்தபின் வளைவின் பாரம் முழுதும் வெளிக்குழாயின் விளிம்பில் விழும். பெரும்பாலும் அங்கேதான் விரிசல் விடும்.

பட்டறைப் பாடமே இங்கும் பொருந்தும்: முதலில் துடையுங்கள். மணல் துகள் ஒன்று போதும், கூம்பு முழுதாக உட்காராது. நூல் வளையங்கள் சற்றுத் திரும்பியிருக்கச் செருகி, அழுத்தியபடியே முறுக்கி நேர்க்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். உலோகப் பூண் போட்ட பழைய மூங்கில் ராடை மட்டும் முறுக்கக் கூடாது. பூணை ஒட்டிய பசை விட்டுவிடும்.

செருகுவதற்கு முன் மெழுகுவர்த்தி. உள்ளே போகும் முனையில் லேசாகத் தேய்த்தால் போதும். வழுக்கும் மெழுகு எப்படிப் பிடிக்கும் என்று தோன்றும். செருகும்போது அது வழிவிட்டுக் கூம்பை ஆழமாக இறக்குகிறது. பின் நுண்ணிய இடைவெளிகளில் படிந்து, இணைப்பு திரும்பாமல் தடுக்கிறது. எண்ணெய் அப்படிப் படியாது; அதைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் அரைமணிக்கு ஒருமுறை வீச்சை நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பையும் கையால் அழுத்திப் பாருங்கள்.