பழைய தானுந்துகளில் மின்னூட்டப் பழுது

பழைய தானுந்துகளில் மின்னூட்டப் பழுது என்பது, பொறி ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டியின் மின்கலத்திற்கு (பேட்டரி) வேண்டிய மின்னூட்டம் கிடைக்காத நிலையையோ, அளவுக்கு மீறிக் கிடைக்கும் நிலையையோ குறிக்கும். பேச்சுவழக்கில் இது 'சார்ஜ் ஏறவில்லை' என்று சொல்லப்படுகிறது. மின்கலம், அதற்கு மின்னூட்டும் மின்னாக்கி, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சீராக்கி, மின்னாக்கியைச் சுழற்றும் வார் (ஃபேன் பெல்ட்), இவற்றை இணைக்கும் கம்பிகள் ஆகியன சேர்ந்ததே மின்னூட்டத் தொகுதி ஆகும். இவற்றுள் எது பழுதுற்றாலும் வெளியே தெரிவது மின்கலம் இறங்கிப்போதல் ஒன்றே. இதனால் குறையில்லாத மின்கலம் மாற்றப்படுவதும், புதியதும் சில வாரங்களில் இறங்கிவிடுவதும் அடிக்கடி நிகழ்கின்றன.

மலைச்சாலையும் மின்சுமையும்

சேலம் மாநகரின் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. சமவெளியில் பகலில் ஓடும்போது தெரியாத மின்னூட்டக் குறை, இத்தகைய சாலையில் பனிமூட்டத்திலோ இரவிலோ வெளிப்பட்டுவிடும். முகப்பு விளக்கு, துடைப்பான் ஆகியவை தொடர்ந்து இயங்க, ஒவ்வொரு வளைவிலும் ஒலிப்பானும் நிறுத்து விளக்கும் சேர்ந்துகொள்கின்றன.

இச்சுமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 45 வாட் முகப்பு விளக்குகள் இரண்டும் 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் எடுக்கும். தீப்பொறி அமைப்பு, துடைப்பான், பின் விளக்குகள் ஆகியவற்றுக்குச் சேர்த்து ஏறத்தாழ 8 ஆம்பியர் எனக் கொண்டால் மொத்தம் 15 அல்லது 16 ஆம்பியர் ஆகிறது. பழைய பிரித்தானியத் தானுந்துகளில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 வகை டைனமோ தரக்கூடிய உச்ச அளவு 22 ஆம்பியர். அதுவும் பொறி விரைந்து சுழலும்போது மட்டுமே. முகப்பில் 100 வாட் விளக்குகளைப் பொருத்திவிட்டால் அவை மட்டுமே 16 ஆம்பியருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அப்போது எந்த உறுப்பும் பழுதாகாமலேயே மின்கலம் இறங்கும். எனவே பழுது தேடத் தொடங்குமுன், வண்டியில் பின்னர் சேர்க்கப்பட்ட விளக்குகளையும் ஒலிப்பான்களையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

இறக்கத்தில் எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணிப் பல்லிணையை விடுவித்து (நியூட்ரல்) வண்டியை உருளவிடும் பழக்கமும் இதனோடு தொடர்புடையது. வெற்றோட்டத்தில் டைனமோ ஏதும் தராது. விளக்குகள் அனைத்தும் மின்கலத்தையே உறிஞ்சும். மேலும் பொறியின் தடுப்பாற்றலும் கிடைக்காமற் போகும். பெட்ரோல் வண்டியில் மின்கலம் தீர்ந்தால் தீப்பொறி அற்றுப் பொறியே நின்றுவிடும். பழைய டீசல் பொறிக்கு ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆகையால் பொறி நிற்காது, விளக்கு மட்டும் அணைந்து வண்டி இருளில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டில் பின்னதே பெருங்கேடு.

இருவகை மின்னாக்கிகள்

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடர் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை இந்தியாவில் உருவாக்கப்பட்டது. அவ்வகையின் பழைய வண்டிகளிலும், ஃபியட் 1100ஐ ஒட்டிய பிரீமியர் பத்மினியிலும் நேரோட்ட மின்னாக்கியே (டைனமோ) இருந்தது. பிற்கால வண்டிகளில் மாறுதிசை மின்னாக்கி (ஆல்டர்னேட்டர்) இடம்பெற்றது. சென்னையை அடுத்த பாடியில் 1961இல் நிறுவப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் போன்ற நிறுவனங்கள் இவற்றை உள்நாட்டிலேயே உருவாக்கின.

டைனமோவில் மின்னோட்டம் சுழலும் பகுதியில் (ஆர்மேச்சர்) உண்டாகி, கார்பன் தூரிகைகள் வழியே வெளியேறுகிறது. ஆல்டர்னேட்டரில் அது நிலையான சுருள்களில் உண்டாகி, இருமுனையங்களால் (டையோடு) நேரோட்டமாக மாற்றப்படுகிறது. முன்னது முரடானது. பின்னது குறைந்த வேகத்திலும் மின்னூட்டும். ஆயினும் முனை மாற்றி இணைத்தால் அதன் இருமுனையங்கள் உடனே எரிந்துவிடும். பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அத்தகைய வண்டியில் ஆல்டர்னேட்டர் பொருத்துவோர் இதனை முதலில் உறுதிசெய்துகொள்ளல் வேண்டும்.

மின்னழுத்தத்தை அளத்தல்

ஒரு பல்பயன் அளவியும் (மல்டிமீட்டர்), கம்பி கோத்த 12 வோல்ட் குமிழ் விளக்கும் (டெஸ்ட் லாம்ப்) இருந்தால் பெரும்பாலான பழுதுகளைக் கண்டறிந்துவிடலாம். நிறைமின்னூட்டம் பெற்று, சில மணிநேரம் ஓய்ந்திருந்த மின்கலம் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.2 வோல்ட் ஏறத்தாழ அரைவாசி மின்னூட்டத்தைக் குறிக்கும். இந்நிலையிலுள்ள மின்கலத்தை முதலில் வெளியே தனியாக மின்னூட்டியபின் சோதிப்பதே முறை. ஆறு அறைகளுள் ஒன்றில் மட்டும் நீர்மமானி (ஹைட்ரோமீட்டர்) மற்றவற்றைவிட 0.05 அளவு தாழ்ந்து நின்றால், அந்த அறை கெட்டுவிட்டது எனலாம்.

பொறியை இயக்கிச் சற்று விரைவாக ஓடவிட்டு மின்கல முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருத்தல் வேண்டும். 12.6 வோல்ட்டிலேயே நின்றாலோ குறைந்துகொண்டே சென்றாலோ மின்னூட்டம் இல்லை என்பது பொருள். 15 வோல்ட்டைத் தாண்டினால் சீராக்கி பழுது. குமிழ் விளக்குகள் அடிக்கடி எரிந்துபோவதும் மின்கலத்தில் நீர் விரைந்து வற்றுவதும் இதன் அறிகுறிகள். வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் மின்கலத்திற்குத் தேவையான மின்னழுத்தம் ஏறத்தாழ 0.2 வோல்ட் குறைகிறது. ஆதலால் குளிர்நாட்டுக் கையேட்டின் உச்ச அளவைச் சேலத்துக் கோடையில் அப்படியே பின்பற்றினால் நீர் வற்றும்.

அடுத்து வாரைப் பார்க்க வேண்டும். அதன் நீண்ட பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் அமுங்குவது போதுமானது. பின்னர் முகப்பு விளக்கு எரிய, பொறி ஓடும்போதே மின்னாக்கியின் வெளியீட்டு முனைக்கும் மின்கலத்தின் அதே முனைக்கும் இடையே அளத்தல் வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ துருவேறிய இணைப்பு உள்ளது. பொறியின் உடலுக்கும் மின்கலத்தின் புவி முனைக்கும் இடையிலும் இவ்வாறே பார்க்கலாம். பழைய வண்டிகளில் பொறியை அடிச்சட்டத்தோடு இணைக்கும் பின்னல் பட்டை இற்றுப்போயிருப்பது மிகச் சாதாரணம். மின்னாக்கியைக் கழற்றுவதற்கு முன் பார்க்கவேண்டிய இடம் அதுவே.

டைனமோவைச் சோதித்தல்

லூகாஸ் வகை டைனமோவில் 'டி', 'எஃப்' என இரு முனைகள் உண்டு. அவற்றின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, டைனமோவிலேயே இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்து, அதற்கும் உடலுக்கும் இடையே அளவியை வைத்துப் பொறியை மெல்ல விரைவுபடுத்த வேண்டும். மின்னழுத்தம் தடையின்றி உயர்ந்து 20 வோல்ட்டை நெருங்கினால் டைனமோ நலமாக உள்ளது. குறை சீராக்கிப் பெட்டியிலோ கம்பியிலோ இருக்கும். அதற்குமேல் விரைவுபடுத்தலாகாது. ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் தூரிகைகளைப் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட்டுக்குள் நின்றால் புலச்சுருளும், 4 அல்லது 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரும் ஐயத்திற்குரியவை.

சீராக்கிப் பெட்டியினுள் 'கட்-அவுட்' என்னும் உணர்த்தியும் உள்ளது. டைனமோவின் மின்னழுத்தம் ஏறத்தாழ 13 வோல்ட்டை எட்டியதும் அது மின்கலத்தை இணைக்கிறது. வேகம் குறைந்ததும் துண்டிக்கிறது. இதன் முனைகள் ஒட்டிக்கொண்டால், பொறி நின்றபின் மின்கலம் டைனமோ வழியே வடிந்து கம்பிகள் சூடேறும். டைனமோ வண்டியில் வெற்றோட்டத்தின்போது சிவப்பு விளக்கு மினுக்குவது பழுதன்று.

ஆல்டர்னேட்டரும் சிவப்பு விளக்கும்

ஆல்டர்னேட்டர் பொருத்திய வண்டிகள் பலவற்றில் முகப்புப் பலகையின் சிவப்பு விளக்கு வெறும் அறிவிப்பு மட்டுமன்று. சாவியைத் திருப்பியதும் அவ்விளக்கின் வழியாகச் செல்லும் சிறு மின்னோட்டமே சுழலியின் காந்தப்புலத்தைத் தொடங்கிவைக்கிறது. அந்தச் சிறு குமிழ் எரிந்துபோனால் ஆல்டர்னேட்டர் மின்னூட்டாது, அல்லது பொறியை வலிந்து முடுக்கியபின்னரே மின்னூட்டும். ஆகவே சாவியைத் திருப்பியும் சிவப்பு விளக்கு எரியாத வண்டியில் முதலில் மாற்றவேண்டியது சில ரூபாய் விலையுள்ள குமிழே. ஆனால் இது தெரியாமல் முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றிவிடுவோர் உளர்.

பொறி ஓடும்போது விளக்கு மங்கலாக எரிந்தால் இருமுனையம் ஒன்று கெட்டிருக்கக்கூடும். அளவியை மாறுதிசை மின்னழுத்தத்திற்கு மாற்றி மின்கல முனைகளில் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவது இதனை உறுதிப்படுத்தும்.

பொறி ஓடும்போதே மின்கலத்தின் முனையைக் கழற்றி, பொறி நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை டைனமோ காலத்திலிருந்து வழிவழியாக வருவது. ஆல்டர்னேட்டர் வண்டியில் இதனை ஒருபோதும் செய்தலாகாது. சுமை திடீரென விடுபடும்போது மின்னழுத்தம் பன்மடங்கு எழும்பி இருமுனையங்களையும் சீராக்கியையும் அழித்துவிடும். பழுதைத் தேடும் செயலே பழுதை உண்டாக்கும்.

24 வோல்ட் சுமையுந்துகள்

நாமக்கல், சங்ககிரி வட்டாரச் சுமையுந்துகளில் இரண்டு 12 வோல்ட் மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும்; மின்னூட்ட அளவு ஏறத்தாழ 28 வோல்ட். பாட்டுப்பெட்டிக்கோ சிறு மின்விசிறிக்கோ ஒரு மின்கலத்திலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் அது குறைமின்னூட்டத்திலும் மற்றது மிகைமின்னூட்டத்திலும் கெடும். மின்னாக்கி நன்றாக இருந்தும் ஒரே பக்க மின்கலம் மீண்டும் மீண்டும் கெட்டால் இத்தகைய கிளைக்கம்பியைத் தேட வேண்டும். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் மாற்றியைப் பொருத்துவதே இதற்குத் தீர்வு.

இரவில் இறங்கும் மின்கலம்

பகலில் மின்னூட்டம் சரியாக இருந்தும் காலையில் பொறி கிளம்பாவிட்டால், நிறுத்திவைத்த வண்டியில் மின்கசிவு உள்ளது. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, மின்கலத்தின் புவிக் கம்பியைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் இடையே குமிழ் விளக்கை இணைத்தால் கசிவு பெரிதாயின் விளக்கு எரியும். பின்னர் உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற, எதனை எடுக்கும்போது விளக்கு அணைகிறதோ அச்சுற்றில் குறை உள்ளது. எதனை எடுத்தும் அணையாவிட்டால் ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அப்போது அணைந்தால் அதன் இருமுனையம் கசிகிறது. விளக்கு எரியாத சிறு கசிவை அதே இடத்தில் ஆம்பியர் அளவியால் அளக்கலாம். கடிகாரமோ வானொலியோ இல்லாத பழைய வண்டியில் அந்த அளவு சுழியாகவே இருத்தல் வேண்டும்.