காலடித்தடம் போதும்

திரையும் திணையும் – 9

2005ஆம் ஆண்டின் கடைசியில், ஜொகூர் காட்டோரம் மீன்குளம் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள், உடலெங்கும் ரோமம் அடர்ந்த மூன்று பேருருவங்களைக் கண்டதாகச் சொன்னார்கள். 45 சென்டிமீட்டர் நீளமுள்ள காலடித்தடம் ஒன்றும் பேசப்பட்டது. கோத்தா திங்கி வட்டாரத்தின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் பேசிவந்த ‘மாவாஸ்’ என்ற காட்டுப்பூதம் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. 2006 ஜனவரியில் மாநில அரசே தேடுதலில் இறங்கியது. அந்த ஆண்டின் நடுவில் படமே கையில் இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். அது ஆதிமனிதனைப் பற்றிய பிரெஞ்சு நூல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரிந்ததும் பரபரப்பு படுத்துவிட்டது. தடமும் வாய்மொழியுமாக இருந்தவரை ஒரு மாநிலத்தையே பேசவைத்த மாவாஸ், முகம் காட்டப்போகிறது என்றதும் செத்தது. காட்டுப்பூதத்தை வைத்துச் சிறு முதலீட்டில் திகில் படம் எடுக்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான்: பூதத்தைக் காட்டாதீர்கள். பணம் இல்லை என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பணம் இருந்தாலும் காட்டக் கூடாது.

காரணம், இத்தகைய உயிரினத்துக்கு ஒப்புக்கொண்ட வடிவம் என்று ஒன்று கிடையாது. ஒருவர் சொல்லும் உயரம் இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போகாது, நிறமும் அப்படித்தான். ஆளுக்கொரு மாவாஸ் மனதுக்குள் இருக்கிறது. ரோம உடை தைத்து ஒரு நடிகருக்கு மாட்டிவிட்டால், அத்தனை மாவாஸ்களையும் அழித்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் நிறுத்துகிறோம். பார்வையாளரின் கண் உடனே முழங்கால் மடிப்பையும் முதுகுத் தையலையும் தேடப் போய்விடும். அதற்கு மாறாக, ஆற்றங்கரைச் சேற்றில் பதிந்த ஒரு தடத்தைக் காமிரா அருகிருந்து காட்டட்டும். விளிம்பு இன்னும் இடிந்து விழவில்லை. குதிகால் பள்ளத்தில் கலங்கல் நீர் மெல்ல ஊறி ஏறுகிறது. பதிந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும் என்று யாரும் வசனம் பேசத் தேவையில்லை. அந்தக் கால் இப்போது எங்கே நிற்கிறது என்ற கேள்வியைப் பார்வையாளரே கேட்டுக்கொள்வார்.

இதற்குத் திரை வரலாறே சாட்சி. 1972இல் சார்ல்ஸ் பியர்ஸ் என்ற விளம்பரத் துறைக்காரர், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஃபூக் என்ற சிற்றூரின் சதுப்புக்காட்டுப் பூதத்தைப் பற்றி ‘தி லெஜண்ட் ஆஃப் பாகி கிரீக்’ படத்தை எடுத்தார். செலவு சுமார் 1,60,000 டாலர்; வசூல் 2 கோடி டாலருக்கு மேல். ஊர்மக்களில் பலர் தாங்களாகவே வந்து தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். பூதம் பெரும்பாலும் தூரத்தில், செடிகொடிகளுக்கு நடுவே அரைகுறையாகத்தான் தெரியும். 1999இல் டேனியல் மைரிக்கும் எட்வர்டோ சான்செஸும் இயக்கிய ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் சூனியக்காரி கடைசிவரை திரைக்கு வரவே இல்லை. கற்குவியலும், குச்சிகளைக் கட்டிச் செய்த பொம்மைகளும், இரவுச் சத்தமும் சேர்ந்து ஏறத்தாழ 25 கோடி டாலர் ஈட்டித் தந்தன. நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. எமிர் எஸ்வான் இயக்கிய ‘ரோ’ (2019) சுமார் 3,60,000 ரிங்கிட்டில் உருவானது. காட்டுக்குள் ஒரு வீடு, ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், வழிதவறி வந்ததுபோல் ஒரு சிறுமி. அச்சத்தைச் சுமந்து வருபவர்கள் மனிதர்களே. ஆஸ்கார் விருதுக்கு மலேசியா அனுப்பியது அந்தப் படத்தைத்தான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. டிக்கெட் வாங்கியவருக்குப் பூதத்தைக் காட்டாமல் அனுப்புவது ஏமாற்று அல்லவா? சென்ற வாரம் நாம் பேசிய ‘பொந்தியானாக்’ (1957) பேய்ப்படம் வேறு வழியில்தானே வென்றது? கேரளத்திலிருந்து வந்த பி.என். ராவின் இயக்கத்தில், மரியா மெனாடோவின் முகம் ஒப்பனையால் உருமாறுவதைப் பார்க்கத்தானே கூட்டம் திரண்டது? உண்மை. ஆனால் பொந்தியானாக் ஒரு பெண். அவளுக்கு ஒரு வாழ்வும் துயரமும் உண்டு. அவள் முகம் மாறும்போது நாம் அறிந்த ஒருத்தியை இழக்கிறோம். ஆகவே அங்கே காட்டித்தான் ஆக வேண்டும். மாவாஸுக்கு அப்படியொரு முன்கதை கிடையாது. அதன் பலமெல்லாம் அது இருக்கிறதா இல்லையா என்ற ஐயத்தில்தான் இருக்கிறது. உடை மாட்டிய கணத்தில் ஐயம் போகிறது. ஐயம் போனால் படமும் போகிறது. பார்வையாளர் பணம் கொடுப்பது அந்த ஐயத்தோடு இரண்டு மணி நேரம் இருப்பதற்குத்தான்.

இரண்டாவது எதிர்வாதம் அறம் சார்ந்தது. இல்லாத ஒன்றை இருப்பதுபோல் நம்பவைப்பது, 2006இன் பொய்ப்படத்தையே மறுபடி செய்வதாகாதா? ஆகாது, ஆதாரத்தை உற்பத்தி செய்வது வேறு, ஐயத்தைக் கதையாக்குவது வேறு. கற்பனை என்று அறிவித்துவிட்டு, ஐயத்தின் இரு பக்கத்தையும் படம் நேர்மையாக வைக்கலாம். சூரியக் கரடி பின்னங்காலில் எழுந்து நிற்கும். கரடியின் முன்கால் தடத்தின்மேல் பின்கால் விழுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட பாதம்போல் தோன்றும். இதைச் சொல்லும் வனத்துறைக்காரர் ஒருவர் கதையில் இருந்தால் திகில் குறையாது. விளக்கத்தைக் கேட்ட பிறகும் பயம் விடாமல் தொடர்வதுதான் நல்ல திகில். ஓராங் அஸ்லி பிரிவினரான ஜக்குன் மக்களையும் அலங்காரப் பொருளாக நிறுத்தக் கூடாது. பாகி கிரீக்கில் ஊரார் தங்கள் வாயால் பேசியதுபோல், எண்டாவ் ரொம்பின் காட்டோரச் சிற்றூரான கம்போங் பெத்தாவில் காட்டை அறிந்தவர்கள் உரிய ஊதியத்தோடு, தங்கள் மொழிநடையிலேயே பேச வேண்டும். அவர்களுடைய சொல்தான் இந்தக் கதையின் வேர்.

பிறகு உடைக்கு ஒதுக்கிய பணத்தை என்ன செய்வது? ஒலிக்குக் கொடுங்கள். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜொகூர்ப் பகுதி மட்டும் சுமார் 48,900 ஹெக்டேர். அங்கே இலையடர்த்தி பார்வையைச் சில அடிகளுக்குள் தடுத்துவிடும். காட்டில் நடப்பவர் கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறார். அந்தி சாயும்போது சில்வண்டுகள் ஒரே குரலில் இரையத் தொடங்கும். காலையில் கிப்பன் குரங்குகளின் கூவல் மரத்துக்கு மரம் தாவும். இந்த இரைச்சல் சட்டென்று நின்றுபோகும் ஒரு நொடியை ஒழுங்காகப் பதிவு செய்தால் போதும், அரங்கில் ஒருவரும் அசையமாட்டார். வடகிழக்குப் பருவமழையில் பூங்காவை மூடிவிடுவார்கள்; ஆகவே மழைக்கு முந்தைய மாதங்களுக்குள் வேலையை முடிக்கத் திட்டமிட வேண்டும். நல்ல ஒலிப்பதிவாளர் ஒருவர், காடறிந்த வழிகாட்டிகள் சிலர், சேறு பொறுக்கும் நடிகர்கள் நால்வர். இந்த மாநிலத்தின் மாவாஸ் படத்துக்கு இவ்வளவுதான் தேவை. வெளிநாட்டுப் பூதப்படங்களின் பிரம்மாண்டத்தோடு போட்டிபோட்டு நாம் தோற்பது உறுதி. ஜொகூர்க் காட்டின் ஒலியோடும் அதன் மக்களின் சொல்லோடும் போட்டிபோட யாராலும் முடியாது.

(தொடரும்)