இலையை மடக்கலாம், கோப்பையை?

தமிழ்நாட்டில் விருந்தாளியாக இருப்பது அவ்வளவு சுலபமான காரியமல்ல. "போதும்" என்று நாம் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு கைகளையும் விரித்து இலைக்குக் காவல் வைத்தாலும், விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி பாயசம் இறங்கிவிடும். வற்புறுத்தாமல் பரிமாறினாலோ, "என்ன உபசாரம் இது!" என்று சம்பந்தி வீட்டார் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனாலும் இந்த அன்புத் தொல்லைக்கு ஓர் எல்லை உண்டு. விருந்தாளி இலையை மடக்கிவிட்டாரானால், அப்புறம் பிரம்மதேவனே வாளியுடன் வந்தாலும் பரிமாற முடியாது.

இந்தப் பழைய உபசாரம் இப்போது ஒரு புதிய இடத்திற்குக் குடிபோயிருக்கிறது. கலியாணத்திற்கு முதல் நாள் இரவு சிநேகிதர்கள் கூடும் ஓட்டல் அறையிலும், உத்தியோக உயர்வுக்காக நடக்கும் விருந்திலும் மதுவும் ஒரு விருந்தாளியாக வந்து உட்கார்ந்து கொள்கிறது. "எனக்காக இன்னும் ஒன்றே ஒன்று!" என்ற குரல் பந்தியில் கேட்ட அதே குரல்தான். ஆனால் கோப்பைக்கு மடக்குவதற்கு இலை இல்லை. காலியாக இருந்தால், இன்னும் வேண்டும் என்று அர்த்தம். நிறைந்திருந்தால், ஏன் குடிக்கவில்லை என்ற கேள்வி!

சட்டத்தின் கதை நீளமானது. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தது. 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு வருவதும் போவதுமாக இருந்தது. 2003-இலிருந்து சில்லறை விற்பனையை அரசாங்கத்தின் கார்ப்பரேஷனே நடத்தி வருகிறது. குடியாமலிருப்பதே உத்தமம் என்பதில் சந்தேகமில்லை. உடம்புக்குத் தீங்கு செய்யாத அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார ஸ்தாபனமும் 2023-இல் சொல்லிவிட்டது. ஆனால் எந்தச் சட்டமும் வீட்டு வாசல் வரைதான் வரும். கூடத்துக்குள்ளே விருந்து நடத்துகிறவர்தான் சர்க்கார். ஆகையால் அவருடைய பொறுப்பைப் பற்றியே இங்கே பேசவேண்டியிருக்கிறது.

முதலில் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். "பீர்தானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்கள் அநேகர். 8 சதவிகிதம் சாராயச் சத்துள்ள 650 மில்லி லிட்டர் பீர் பாட்டிலில் அந்தச் சத்து சுமார் 41 கிராம் இருக்கிறது. 30 மில்லி விஸ்கியில் இருப்பதோ சுமார் 10 கிராம். ஆக, அந்த ஒரு பாட்டில் நாலு சின்ன பெக்குக்குச் சமானம். நம்முடைய கல்லீரல் நிதானமான குமாஸ்தா. எவ்வளவு அவசரப்படுத்தினாலும் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் பைசல் செய்யும். அந்த ஒரு பாட்டிலைத் தீர்க்க நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். மோர், எலுமிச்சம்பழ ரசம், தலையில் குளிர்ந்த ஜலம் ஒன்றும் அந்த வேலையைத் துரிதப்படுத்தாது. காப்பி தூக்கத்தைக் கலைக்குமே தவிர, போதையைக் கலைக்காது. வெறும் வயிற்றில் குடித்தால் போதை விரைவில் ஏறும் என்பதால், சாப்பாட்டைக் கடைசிக்கு ஒத்திப் போடும் வழக்கமும் ஆபத்தானதே.

"நான் நிதானமாகத்தான் இருக்கிறேன், வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்" என்று ஒருவர் எழுந்திருக்கும் சமயத்தில்தான் விருந்து நடத்துகிறவருக்கு உண்மையான பரீட்சை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது பதினாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. அபராதத்தையாவது கட்டிவிடலாம். எதிரே சைக்கிளில் வந்த ஒருவருடைய உயிருக்கு என்ன கட்டுவது? சாவியை வாங்கிக்கொள்வது மரியாதைக் குறைவு என்று தயங்கவேண்டாம். விருந்து ஆரம்பிக்கும்போதே வாங்கிவைத்து, வாடகை வண்டிக்கோ குடிக்காத ஒருவர் ஓட்டும் வண்டிக்கோ ஏற்பாடு செய்துவிட்டால், நள்ளிரவில் தர்க்கத்திற்கு இடமே இராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வேண்டாம் என்று சொல்கிறவரின் மானம். அவர் மருந்து சாப்பிடுகிறவராயிருக்கலாம், விரதம் பூண்டவராயிருக்கலாம், வெறுமனே பிடிக்காமலும் இருக்கலாம். அல்லது, பல வருஷங்கள் குடித்து, பெரும்பாடு பட்டு அதை விட்டவராயிருக்கலாம். "ஒரு நாளைக்குக் குடித்தால் என்ன? ஆண்பிள்ளைதானே!" என்று வேடிக்கையாக நீட்டப்படும் கோப்பை, அவரைப் பழைய பள்ளத்திலேயே தள்ளிவிடக்கூடும். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக அவர் வீட்டில் எத்தனை இரவுகள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்பது நமக்குத் தெரியாது. ஆகையால் காரணம் கேட்காமலிருப்பதே நாகரிகம். பானகமோ இளநீரோ, அதே அழகான கோப்பையில், அதே மரியாதையுடன் அவர் கைக்கு வரட்டும்.

இன்னும் இரண்டொரு யோசனைகள். யாருடைய கோப்பையையும் கேட்காமல் நிரப்பவேண்டாம். சோடாவும் ஐஸும் எடுத்துவரக் குழந்தைகளை ஏவவேண்டாம். பார்த்ததைத்தான் அவர்கள் நாளைக்குச் செய்வார்கள். 21 வயது ஆகாதவருக்கு மது விற்பதைத் தமிழ்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. வீட்டில் அதைக் கொடுப்பது மட்டும் எப்படி அன்பாகும்? யாராவது சுயநினைவின்றி விழுந்தால், "தூங்கட்டும், சரியாகிவிடும்" என்று விட்டுப் போகக்கூடாது. மல்லாந்து கிடக்கையில் வாந்தி வந்தால் மூச்சு அடைத்துப் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே ஒருவர் இருக்கவேண்டும். தட்டி எழுப்பியும் எழாவிட்டாலும், மூச்சு மெதுவாகிவிட்டாலும், உடம்பு சில்லிட்டாலும் உடனே 108-க்குச் சொல்லியனுப்பவேண்டும். வெட்கத்திற்கு அது நேரமல்ல.

விருந்து எப்படி நடந்தது என்பதை அன்றிரவே தீர்மானிக்க முடியாது. மறுநாள் காலையில் வந்தவர்கள் வீட்டிலெல்லாம் வழக்கம்போல் காப்பி கலந்தார்கள் என்று தெரிந்தால், விருந்து சிறப்பாக நடந்தது என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.