விழிக்க மறுத்த மடிக்கணினி

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்காள் செவிலியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறார். அவருடைய மடிக்கணினி 2016-இல் வாங்கியது. அதிலிருந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்றலாமென்றால், பிராசஸர் பழையது, ஏற்காது. புதுக் கணினி வாங்கும் வசதி அவ்வீட்டில் இப்போது இல்லை. ஆகவே விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டை நிறுவித் தருவதென நாங்கள் மூவர் ஒப்புக்கொண்டோம். கையில் ஒரு பென் டிரைவ், மனத்தில் மட்டற்ற துணிச்சல். (கணினிப் பாடத்தில் நாங்கள் வாங்கும் மதிப்பெண்ணை இங்கே கேட்காதீர்கள்.)

பென் டிரைவைச் செருகிக் கணினியை இயக்கினோம். ஒன்றும் நடவாதது போலப் பழைய விண்டோஸே வந்து நின்றது. ஐந்து முறை செய்தும் அதே கதைதான். பழுது பார்க்கும் கடையில் கேட்டபோது, "ஹார்டு டிஸ்க் போயிருக்கும், மாற்றிவிடலாம்" என்றார்கள். விண்டோஸ் ஒழுங்காக எழுந்து வரும்போது, அது குடியிருக்கும் டிஸ்க் போய்விட்டது என்பது எப்படிப் பொருந்தும்? மறுநாள் எங்கள் கணினி ஆசிரியையிடம் ஓடினோம்.

அவர் முதலில் விளக்கியது, கணினி எவ்வாறு கண் விழிக்கிறது என்பதையே. பொத்தானை அழுத்தியதும் விழிப்பது விண்டோஸ் அன்று. மதர்போர்டில் ஒரு சிப்புக்குள் இருக்கும் சிறிய நிரல். 1981-இல் வந்த ஐ.பி.எம். கணினியில் அதற்குப் பயாஸ் என்று பெயர். இன்றைய கணினிகளில் அதன் இடத்தில் யு.இ.எஃப்.ஐ. இருக்கிறது. பயாஸ் ஒவ்வொரு டிஸ்க்கிலும் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, அதன் கடைசி இரு பைட்டுகளில் உரிய அடையாளம் உண்டா என்று பார்க்கும். யு.இ.எஃப்.ஐ.யோ பென் டிரைவில் 'இ.எஃப்.ஐ.' என்னும் ஃபோல்டருக்குள் 'பூட்' என்னும் ஃபோல்டரைத் தேடி, அதற்குள் குறிப்பிட்ட பெயருடைய ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் இயக்கும், இல்லையேல் முறையிடாமல், முணுமுணுக்காமல், வரிசையில் அடுத்ததான உள் டிஸ்க்குக்குப் போய்விடும். எங்களுக்கு விண்டோஸ் வந்ததன் காரணம் இதுதான். கணினி கெடவில்லை, எங்கள் பென் டிரைவில் ஒன்றும் காணாமல் தாண்டிச் சென்றிருக்கிறது.

பென் டிரைவைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒரே ஒரு ஐ.எஸ்.ஓ. கோப்பு! இலையில் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டு, சோறு எங்கே என்று கேட்டாற்போல் இருந்தது எங்கள் செயல். ஐ.எஸ்.ஓ. என்பது ஒரு முழு டிஸ்க்கின் அச்சு. அதைக் காப்பி செய்தால் போதாது. ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற மென்பொருளைக் கொண்டு பென் டிரைவில் எழுத வேண்டும். 8 ஜி.பி. உள்ள பென் டிரைவே போதும். எழுதும்போது அதில் முன்பு இருந்தவை யாவும் அழிந்துவிடும். எங்களில் ஒருத்தியின் டியூஷன் குறிப்புகள் அவ்வாறுதான் மறைந்தன. அவள் அதற்காக அவ்வளவாக வருந்தியதாகத் தெரியவில்லை.

எழுதி முடித்துச் செருகினோம். மீண்டும் விண்டோஸ்!

இம்முறை தவறு பென் டிரைவில் இல்லை. எதிலிருந்து விழிப்பது என்று கணினிக்குச் சொல்ல, இயக்கியவுடன் ஒரு விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஏசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அதை அமைப்புத் திரையில் முதலில் அனுமதிக்க வேண்டும். நாங்கள் தட்டித் தட்டி விரல் வலித்ததே தவிரப் பயனில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்றொரு வசதி உண்டு. நாம் அணைத்துவிட்டதாக நினைக்கும் கணினி உண்மையில் அரைத் தூக்கத்தில் கிடக்கும். விழிக்கும்போதும் அவசர அவசரமாக எழுந்து, விசையைக் கவனியாது போவதுண்டு. இதற்கு வழி எளிது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் ஒரு நீலத்திரை வரும். அதில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதற்குள் சென்று பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே பென் டிரைவின் பெயரே இல்லாவிடில் வேறு துளையில் செருகிப் பார்க்க வேண்டும்; பயாஸ் முறைக்கென்று எழுதியதை யு.இ.எஃப்.ஐ.க்குக் கொடுத்துவிட்டோமா என்றும் பார்க்க வேண்டும்.

எங்களுக்குப் பெயர் வந்தது. தேர்ந்தெடுத்தோம். கருந்திரையில் 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று ஒரு வரி தோன்றியது; கணினி அணைந்துவிட்டது. நாங்கள் கைதட்டினோம்! புதிய பிழை வந்தால் ஒரு படி முன்னேறியிருக்கிறோம் என்றுதானே பொருள்?

செக்யூர் பூட் என்பது வாயிற்காவலர் போன்றது. நம்பகமான கையொப்பம் இல்லாத நிரலை உள்ளே விடாது. அதை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எங்களில் ஒருத்தி அமைப்புத் திரைக்குப் போய்விட்டாள்.

"பொறு அம்மா, கையை எடு! அந்த டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா? அதன் ரிகவரி கீ உங்களிடம் உண்டா?" என்றார் ஆசிரியை.

"அது என்னடி கீ?" என்று எங்களைப் பார்த்தார் அக்காள்.

டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும்போது செக்யூர் பூட்டில் கைவைத்தால், விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் இல்லையேல் உள்ளிருப்பவை உள்ளேயேதான். அந்தக் கணினியில் அக்காளின் கல்லூரிக் குறிப்புகள் மட்டுமா இருந்தன? சென்ற ஆண்டு காலமான பாட்டியின் படங்களும் வேறெங்கும் இல்லாமல் அதில்தான் இருந்தன. அதைக் கேட்டதும் எங்கள் துணிச்சல் போன இடம் தெரியவில்லை. அக்காள் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி, அந்த எண்ணைக் கண்டெடுத்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

கடைசியில் செக்யூர் பூட்டை அணைக்கவே நேரவில்லை. எங்கள் ஐ.எஸ்.ஓ. கோப்பு, தோழியின் மாமா மகன் 2021-இல் இறக்கி வைத்திருந்தது. லினக்ஸைத் தொடங்கி வைக்கும் பழைய நிரல்களில் பாதுகாப்புக் குறைகள் காணப்பட்டதால், 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று அவற்றை உள்ளே விடக்கூடாத வரிசையில் சேர்த்திருந்தது. அதாவது, காவலர் மீது குற்றமில்லை. நாங்கள் காட்டிய அனுமதிச் சீட்டுத்தான் செல்லாதது.

புதிய பதிப்பு சுமார் 3 ஜி.பி. அது இறங்கும் நேரத்தில், விண்டோஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதே என்று, படங்களை எல்லாம் வேறொரு பென் டிரைவில் காப்பி செய்தோம். இறங்கியதும் அதன் எஸ்.எச்.ஏ.256 குறியீட்டை, 64 எழுத்துகளையும், மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒருத்தி வாசிக்க மற்றவள் சரிபார்த்தாள். பிறகு ரூஃபஸ் கொண்டு எழுதினோம். ஷிஃப்ட், ரீஸ்டார்ட், பென் டிரைவ். மின்ட் எழுந்து வந்தது.

நிறுவினால் உள் டிஸ்க் முழுவதும் அழியும் என்று திரை எச்சரித்தது. அக்காள் எங்களைத் தடுத்துவிட்டு, காப்பி செய்த படங்களை வேறொரு கணினியில் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாட்டி ஊஞ்சலில் அமர்ந்திருக்கும் படத்தில் சற்று நேரம் நின்றார். பிறகுதான் 'சரி, அழுத்துங்கடி' என்றார்.