தலைவலிக்கு மண்டையைத் திறக்கலாமா?

விண்கப்பலில் ஒருவருக்கும் சுயநினைவில்லை. ஆளுக்கொரு மூலையில் சரிந்து கிடக்கிறார்கள். வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்த டிபோல் மட்டும் தனியாக நின்று, நடந்ததைக் குறிப்பேட்டில் பதிவுசெய்கிறார். 2002 நவம்பர் 20 அன்று ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்’ தொடரின் ‘சிங்குலாரிட்டி’ அத்தியாயம் இப்படித்தான் தொடங்குகிறது. இவர்கள் இந்தக் கதிக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் மீதிக் கதை.

“மனிதனின் குணம் மாறுமா? இந்த வாரம் அதை எழுதுங்கள்” என்றார் ஆசிரியர். விண்வெளித் தொடர்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. 1966-லேயே முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் ‘தி நேக்கட் டைம்’ அத்தியாயத்தில், வியர்வை வழியாகத் தொற்றும் ஏதோவொன்று கப்பல்காரர்களின் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டது. சுலு மேல்சட்டை இல்லாமல் வாளோடு ஓடினார். உணர்ச்சியையே காட்டாத ஸ்பாக் உட்கார்ந்து அழுதார். 1987-ல் அடுத்த தலைமுறைத் தொடர் வந்ததும் அதே கதையைத் தூசிதட்டி எடுத்தார்கள். இவற்றிலெல்லாம் ஒரு வசதி உண்டு. ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். வாளைத் தூக்கிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து, ‘எவ்வளவு பொறுப்பான பிள்ளை’ என்று யாரும் மெச்ச மாட்டார்கள்.

சிங்குலாரிட்டியில் மெச்சலாம். எனக்குப் பயம் வந்தது அங்கேதான்.

மூன்று விண்மீன்கள் கொண்ட ஒரு தொகுதி. அதில் ஒரு கருந்துளை. அதை அருகில் போய்ப் பார்க்கத்தான் பயணம். போகும் வழியில் பொழுது இருக்கிறதே என்று ஆளுக்கொரு சில்லறை வேலையைக் கையில் எடுக்கிறார்கள். கேப்டன் ஆர்ச்சர் தன் அப்பாவின் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு முன்னுரை எழுத வேண்டும். அவருடைய நாற்காலி உட்காரத் தோதாக இல்லை. அதைச் சரிசெய்வது பொறியாளர் ட்ரிப்பின் பொறுப்பு. ஆயுத அதிகாரி ரீட், ஆபத்து வந்தால் கப்பல் தானாகவே சண்டைக்குத் தயாராக ஓர் எச்சரிக்கை ஏற்பாட்டை உருவாக்குகிறார். சமையல்காரருக்கு உடம்பு சரியில்லாததால் மொழிபெயர்ப்பாளர் ஹோஷி அடுப்படிக்குப் போகிறார், ‘ஓடென்’ என்ற ஜப்பானியக் குழம்பின் குடும்பக் கைப்பக்குவத்தோடு. கப்பலோட்டி டிராவிஸுக்குத் தலைவலி, மருத்துவர் ஃபிளாக்ஸிடம் போகிறார்.

இதில் எந்த வேலையைக் குறை சொல்வீர்கள்? எல்லாமே உருப்படியானவை. ஆனால் முன்னுரை முடியவே மாட்டேன் என்கிறது. எச்சரிக்கை மணி எந்தச் சத்தத்தில் ஒலிக்க வேண்டும் என்பது ரீட்டுக்கு வாழ்வா சாவா பிரச்சினையாகிறது. உப்பு, காரம் என்று ஹோஷி அடுப்பை விட்டு நகர்வதில்லை. கப்பலே பசியோடு காத்திருக்கிறது. நாற்காலியின் அருமை தெரியாதவர்களோடு ட்ரிப் மல்லுக்கு நிற்கிறார். ஃபிளாக்ஸ்தான் உச்சம். சாதாரணத் தலைவலிக்குக் காரணம் தேடித் தேடி, கடைசியில் டிராவிஸின் மூளையையே அறுத்துப் பார்க்கத் தயாராகிவிடுகிறார். டிபோல் அவர் கழுத்தில் வல்கன் பிடியைப் போட்டுச் சாய்க்க வேண்டியிருக்கிறது.

அந்த விண்மீன் தொகுதியிலிருந்து வரும் கதிர்வீச்சு கப்பல்காரர்களின் மூளையைப் படுத்துகிறது. வல்கனான டிபோலை அது தொடவில்லை. அறிவியல் விளக்கம் அவ்வளவுதான், அதற்கு மேல் கிளற வேண்டியதில்லை. ஒருவருக்கும் தனக்கு நோய் என்று தோன்றவில்லை என்பதுதான் விஷயம். ஒவ்வொருவரும் தன் வேலையைத் திருத்தமாகச் செய்வதாகவே நம்புகிறார்கள். குறுக்கே வருகிற மற்றவர்கள்தான் அவர்கள் கண்ணுக்குப் பைத்தியங்கள்.

இது வெறும் கற்பனையும் அல்ல. விமானப் படைகளில், காற்றழுத்தம் குறைக்கப்பட்ட அறைக்குள் விமானிகளை உட்காரவைத்து, ஆக்சிஜன் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் பயிற்சி தருகிறார்கள். 25,000 அடி உயரத்துக்கு நிகரான காற்றில், உருப்படியாக யோசிக்கக் கிடைப்பது 3 முதல் 5 நிமிடம். கையில் ஒரு தாளைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்வார்கள். எழுத்து கோணலாகும், கணக்கு தடம் புரளும். ஆனால் போடுகிறவர் சிரித்த முகமாக, தெம்பாக இருப்பார். தன் தப்பைப் பிடிக்க வேண்டிய மூளைதான் முதலில் படுத்துவிடுகிறது. பக்கத்தில் கவசம் போட்ட ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

நம் அலுவலகங்களில் கவசம் போட்டவர் யார்? இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப் குழுவில், மறுநாள் சுற்றறிக்கையின் எழுத்துரு பற்றி நாற்பது செய்தி ஓடுகிறது. அனுப்புகிறவர் யாரும் சோம்பேறி இல்லை. அத்தனை பேரும் ரீட்டுகள், ட்ரிப்புகள். வெறிபிடித்துக் கத்தினால் மருத்துவமனைக்கு அழைத்துப் போவோம். வெறிபிடித்து வேலை செய்தால் ஆண்டுவிழாவில் சால்வை போர்த்துகிறோம். ‘ஏம்ப்பா, இதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாமே’ என்று சொல்லும் ஒரே ஆளுக்குக் கிடைக்கிற பெயர், ஈடுபாடு இல்லாதவர்.

சிங்குலாரிட்டி வெறும் சிரிப்பு அத்தியாயம், அதைப் போய் இப்படிப் பிழிய வேண்டாம் என்பவர்கள் உண்டு. கடைசியில் ரீட்டின் ஏற்பாடுதானே கப்பலைக் காப்பாற்றியது என்றும் கேட்பார்கள். காப்பாற்றியது, மறுக்கவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் விழித்திருந்தவர் யார் என்று பாருங்கள். வந்த வழியே திரும்பினால் நேரமாகும், அதுவரை கதிர்வீச்சைக் கப்பல்காரர்கள் தாங்க மாட்டார்கள். கருந்துளையை ஒட்டிப் போகும் வழி குறுகலானது. பாதையைக் கணக்கிடவும் கப்பலை ஓட்டவும் டிபோல் ஒருத்தரால் முடியாது. ஆர்ச்சரை இழுத்துப்போய்க் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி எழுப்புகிறார். சொட்டச் சொட்ட வந்து கேப்டன் சுக்கானைப் பிடிக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு, ட்ரிப் அந்த நாற்காலிக்குச் செய்த மாற்றம் என்ன தெரியுமா? சற்றே தாழ்த்தியிருந்தார். கேப்டனுக்குப் பரம திருப்தி.

இந்தக் கட்டுரையின் முதல் பத்தியை ஏழு தடவை மாற்றியிருக்கிறேன். ‘சரிந்து’ சரியா, ‘சாய்ந்து’ சரியா என்பதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. வீட்டில் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டார்கள். ‘இதோ வந்துட்டேன்’ என்றேன். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. போய்ப் பார்த்தால் ரசம் ஆறிப்போயிருந்தது.