சனிக்கிழமை சம்பளம்... திங்கட்கிழமை காலி! பட்டாசு தொழிலாளர் கையில் காசு தங்க என்ன வழி?

சிவகாசி:

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் சனிக்கிழமை சாயங்காலம் என்றாலே தனி களைதான். 'பயர் ஆபீஸ்' வேன்கள் ஊருக்குள் வந்து நிற்கும்போது வாரச்சம்பளமும் சேர்ந்தே இறங்கும். மளிகைக்கடையில் கூட்டம், பரோட்டா கடையில் கூட்டம். அதே நேரத்தில் தெருமுனையில் நோட்டும் கையுமாக இன்னொருவரும் காத்திருப்பார். அவர்தான் தண்டல்காரர்.

சம்பளக்கவர் வீட்டுக்குள் போகும் முன்பே தண்டல், குழுக்கடன் தவணை, மளிகை பாக்கி என்று பாதி பிரிந்து விடும். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறோடு மீதியும் போய்விடும். திங்கட்கிழமை வேனுக்கு நிற்கும்போது கையில் சில்லறை. புதன்கிழமை மறுபடியும் கைமாத்து.

"வர்ற சம்பளம் பத்தல. அதான் கடன் வாங்குறோம்" என்பதே பலரது பதில். அது பொய்யல்ல. ஆனால் பட்டாசு தொழிலில் சம்பள தொகையை விட பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்த சம்பளம் வருஷத்துக்கு 52 வாரமும் வராது என்பதுதான் அது.

வேலை இல்லாத வாரங்கள்

தீபாவளி முடிந்ததும் ஆலைகள் பூட்டப்படும். சிலருக்கு 2 வாரம், சிலருக்கு ஒரு மாதம் வேலை கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் மருந்து வேலை நடக்காது, காய வைக்கவும் முடியாது. எங்காவது ஓர் ஆலையில் விபத்து நடந்தால் அதிகாரிகள் ஆய்வுக்கு வருவார்கள். விதிமீறல் இருந்தால் உரிமம் நிறுத்தப்படும். தப்பு செய்தவர் யாராக இருந்தாலும், கூலி போவது தொழிலாளிக்குத்தான்.

2018-ம் ஆண்டு அக்டோபர் 23-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சரவெடிக்கும், பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் தடை வந்தது. பசுமை பட்டாசு மட்டுமே தயாரிக்கலாம் என்று உத்தரவானது. அந்த தீபாவளி முடிந்ததும் பூட்டப்பட்ட ஆலைகள், மறு வருஷம் மார்ச் மாதம்தான் திறந்தன. ஏறக்குறைய 4 மாதம் வாரச்சம்பளம் இல்லை. அடுத்து 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. இரண்டு முறையும் பல வீடுகளில் தாலிச்செயின் அடகுக்கடைக்கு போனது.

ஆக, பட்டாசு தொழிலாளி போட வேண்டிய முதல் கணக்கு, 'மாசம் எவ்வளவு மிச்சம்?' என்பது அல்ல. 'வேலை இல்லாத வாரம் எத்தனை?' என்பதுதான்.

உதாரணத்துக்கு, வருஷத்தில் 45 வாரம் வேலை, 7 வாரம் வேலை இல்லை என்று வைத்துக்கொண்டால், அந்த 7 வாரமும் அடுப்பு எரிய வாரம் 3 ஆயிரம் ரூபாய் வீதம் 21 ஆயிரம் ரூபாய் வேண்டும். அதை 45-ஆல் வகுத்தால் வாரத்துக்கு சுமார் 470 ரூபாய். கணவன், மனைவி இருவரும் வேலைக்கு போகும் வீட்டில் தலைக்கு 235 ரூபாய். நாலு வாரம் சமாளிக்கவே முடியாது என்று நினைத்த தொகை, சனிக்கிழமைக்கு சனிக்கிழமை பிரித்தால் இவ்வளவுதான். அதுவும் முடியாதவர்கள் 100 ரூபாயில் தொடங்கலாம்.

உலையில் போடும் முன் ஒரு பிடி

இந்த பணத்தை எப்போது எடுத்து வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. "செலவு போக மிஞ்சுனா போடுவோம்" என்றால் ஒருநாளும் மிஞ்சாது.

இதற்கு விருதுநகரிலேயே ஒரு பழைய வழி உண்டு. 1889-ல் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை பள்ளிக்கூடம் 'பிடி அரிசி'யில் வளர்ந்தது. வீட்டில் சோறு ஆக்கும்போது ஒரு பிடி அரிசியை பள்ளிக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். காமராஜர் படித்தது அந்த பள்ளியில்தான். சோறாக்கி, சாப்பிட்டு, மிஞ்சியதை கொடுத்திருந்தால் பள்ளிக்கூடம் நடந்திருக்காது. உலையில் போடும் முன்பே எடுத்ததால் நடந்தது.

சம்பளத்துக்கும் அதே வழிதான். சனிக்கிழமை வேனில் இருந்து இறங்கியதும், கடைவீதிக்கு போகும் முன்பு, அந்த பணம் தனியாக போய்விட வேண்டும். மகளிர் உரிமைத்தொகைக்காக 2023-ல் பெண்கள் பலர் புதிதாக வங்கிக்கணக்கு தொடங்கினார்கள். அந்த கணக்கையே பயன்படுத்தலாம். அதன் ஏ.டி.எம். கார்டு பர்சில் இருக்கக்கூடாது, பீரோவில் இருக்கட்டும்.

வங்கிகளில் ஒரு வருஷத்துக்கான ஆர்.டி.யும் இருக்கிறது. இந்த தீபாவளி முடிந்து ஆலை திறந்ததும் தொடங்கினால், அடுத்த தீபாவளி முடிந்து ஆலை பூட்டியிருக்கும் நேரத்தில் பணம் கைக்கு வரும். தபால் நிலைய ஆர்.டி. மாதம் 100 ரூபாயில் இருந்து கட்டலாம். ஆனால் அது 5 வருஷ கணக்கு. வேலையில்லாத வாரத்துக்கு உதவாது, பிள்ளை படிப்புக்கு உதவும். மாதம் 400 ரூபாய் கட்டினால் 5 வருஷத்தில் கட்டிய தொகை 24 ஆயிரம். 6.7 சதவீத வட்டியில் கைக்கு வருவது 28 ஆயிரத்து 500 ரூபாய்க்கு மேல்.

தண்டலை விடுவது எப்படி?

டீயை குறை, வடையை நிறுத்து என்று அறிவுரை சொல்பவர்கள் நிறைய. நாள் முழுக்க குனிந்து உட்கார்ந்து வேலை பார்ப்பவர் குடிக்கும் ஒரு டீயில் குடும்பம் கெட்டுவிடாது. குடும்பத்தை கெடுப்பது வட்டி.

10 ஆயிரம் ரூபாய் தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பதாக வைத்துக்கொண்டால், தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். '1,500 தானே' என்று தோன்றும். ஆனால் முதல் நாளில் இருந்தே அசலும் திரும்பி போவதால், சராசரியாக பார்த்தால் கையில் இருந்தது அதில் பாதி பணம்தான். வருஷ கணக்கில் வட்டி 100 சதவீதத்தை தாண்டிவிடும்!

பழைய தண்டல் முடிந்த மறுநாளே புது தண்டல் எடுப்பதுதான் வழக்கம். அங்கேதான் ஒரு சின்ன மாற்றம் தேவை. 101-வது நாளும் அதே 100 ரூபாயை கட்டுங்கள். தண்டல்காரருக்கு அல்ல, சொந்த கணக்குக்கு. 100 நாள் கட்டி பழகிய கைக்கு இது புது பாரம் இல்லை. அடுத்த 100 நாளில் 10 ஆயிரம் ரூபாய் முழுசாக சேர்ந்துவிடும். 1,500 பிடித்தம் கிடையாது.

அடகுக்கும் இதே கணக்குதான். 50 ஆயிரம் ரூபாய்க்கு '2 வட்டி' என்றால் மாதம் ஆயிரம், வருஷம் 12 ஆயிரம். அதே நகையை வங்கியிலோ, கூட்டுறவு சங்கத்திலோ 10 சதவீத வட்டிக்கு வைத்தால் வருஷம் 5 ஆயிரம். ஒருநாள் லீவு போட்டு அலைந்தாலும் லாபம் 7 ஆயிரம்.

ஆலையில் வாங்கும் அட்வான்சுக்கு வட்டி இல்லைதான். ஆனால் அது கழியும் வரை, பக்கத்து ஆலையில் கூலி அதிகம் கிடைத்தாலும் போக முடியாது. அதுவும் ஒருவித வட்டியே.

தமிழகத்தில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டலுக்கு எதிராக 2003-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. 3 ஆண்டு வரை ஜெயில், 30 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இருந்தும் 2017-ல் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு கூலித்தொழிலாளி மனைவி, 2 குழந்தைகளுடன் தீக்குளித்த கொடுமை நடந்தது. மிரட்டல் வந்தால் பயந்துகொண்டு இன்னொரு இடத்தில் கடன் வாங்கி அடைக்க வேண்டாம். போலீசிலோ, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலோ மனு கொடுக்கலாம்.

தீபாவளி சீட்டு கட்டுபவர்கள், நடத்துபவர் தெரிந்தவர் என்பதற்காக மட்டும் நம்பிவிடக்கூடாது. வாரம் 100 கட்டினால் வருஷ கடைசியில் ஸ்வீட், பாத்திரம் எல்லாம் தருவதாக சொல்பவரிடம் சீட்டுப்பதிவு இருக்கிறதா என்று கேட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

20 ரூபாய் கணக்கு

2012 செப்டம்பர் 5-ந்தேதி முதலிப்பட்டி ஆலை வெடித்து பலர் இறந்தனர். அதன் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. வருஷத்துக்கு வெறும் 20 ரூபாய் பிரீமியத்தில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்ற விபத்து காப்பீடு உள்ளது. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் வங்கியிலோ, தபால் நிலையத்திலோ சேரலாம். ஆலை தரும் நிவாரணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 1 முதல் மறு வருஷம் மே 31 வரை காப்பீடு. மே கடைசி வாரத்தில் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் அது நின்றுபோகும். சனிக்கிழமை போட்டு ஞாயிற்றுக்கிழமை முழுசையும் எடுத்துவிடும் கணக்குகளில் இதுதான் நடக்கிறது. பாஸ்புக்கில் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்பதையும், காப்பீடு இருக்கும் விஷயம் வீட்டில் இன்னொருவருக்கு தெரியுமா என்பதையும் இந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது.